குடியிருப்பில் சிறு காற்றாலை: கம்பம் முதலில், டர்பைன் கடைசியில்

குடியிருப்பில் காற்றாலை வைக்கலாம் என்று பேச்சு வந்ததும் எல்லோரும் தேடுவது டர்பைன், அதாவது காற்றில் சுழன்று மின்சாரம் தரும் இயந்திரத்தின் விலைப்பட்டியலைத்தான். அதை ஒரு வருடம் ஓரமாக வையுங்கள். முதலில் தேவைப்படுவது ஒரு நீளமான குழாய், பத்துப் பன்னிரண்டு ரிப்பன் துண்டுகள், அளவுகளைச் சேமித்து வைக்கும் காற்றுவேகமானி ஒன்று. இவை சொல்வதைக் கேட்ட பிறகும் டர்பைன் வேண்டும் என்று தோன்றினால் தைரியமாக வாங்கலாம். வேண்டாம் என்று முடிவானாலும் நஷ்டமில்லை. அதே காற்றை மின்சாரமாக்காமல் வீட்டுக்குள் வரவழைத்துப் பயன்படுத்தும் வழிகள் இருக்கின்றன. அவற்றையும் கீழே சொல்கிறோம்.

காற்றின் கணக்கு

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பாதித் தவறுகள் நடக்காது. 3 மீட்டர் விட்டமுள்ள டர்பைனை எடுத்துக்கொள்வோம். இறக்கைகள் சுழலும் வட்டத்தின் பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அந்த வட்டத்தின் வழியே போகும் ஆற்றல் ஏறக்குறைய 540 வாட். எந்த இயந்திரமும் இதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. இதற்குப் பெட்ஸ் எல்லை என்று பெயர். நல்ல சிறு டர்பைன் 30 சதவீதம் எடுத்தாலே பாராட்ட வேண்டும். ஆக, கைக்குக் கிடைப்பது 160 வாட். வேகம் 10 மீட்டரானால் அதே டர்பைன் 1,300 வாட் தரும். 3 மீட்டராகக் குறைந்தால் 35 வாட்தான். பல டர்பைன்கள் அந்த வேகத்தில் சுழலவே தொடங்காது.

சராசரி வேகமும் ஏமாற்றும். நாள் முழுக்க 4 மீட்டர் வேகத்தில் வீசும் இடத்தையும், பாதி நாள் அசையாமல் கிடந்து மீதி நாள் 8 மீட்டர் வேகத்தில் வீசும் இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சராசரி இரண்டுக்கும் ஒன்றே. ஆற்றலோ இரண்டாவது இடத்தில் நான்கு மடங்கு. அதனால்தான் மாதச் சராசரி மட்டும் போதாது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிவான அளவுகள் வேண்டும்.

பட்டியலில் '1 கிலோவாட்' என்று போட்டிருந்தால் எந்த வேகத்தில் என்று கேளுங்கள். சிறு டர்பைன்களை ஒப்பிட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வந்த தரநிலைகள் விநாடிக்கு 11 மீட்டர் வேகத்தில் கிடைப்பதையே திறனாகச் சொல்லச் சொல்கின்றன. அந்த வேகம் குடியிருப்புப் பகுதியில் அபூர்வமாகத்தான் வரும். 14 மீட்டர் வேகத்தில் அளந்த எண்ணைப் பெரிதாக அச்சிடுபவர்களும் உண்டு. கிலோவாட்டை விட்டுவிட்டு இறக்கையின் விட்டத்தைக் கேளுங்கள். விட்டம் பொய் சொல்லாது. வடிவமைப்பு, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 61400-2 தரத்துக்கு உட்பட்டதா என்பதையும் கேளுங்கள். 200 சதுர மீட்டர் வரை சுழல்பரப்புள்ள சிறு டர்பைன்களுக்கான தரம் அதுதான்.

ஆண்டு முழுவதும் சராசரி 5 மீட்டர் காற்றுள்ள திறந்தவெளியில் 3 மீட்டர் டர்பைன் வருடத்துக்குச் சுமார் 1,800 முதல் 2,200 யூனிட் தரும். நல்ல வெயில் உள்ள இடத்தில் ஒன்றரைக் கிலோவாட் சோலார் பேனலும் ஏறக்குறைய இதே அளவு தரும். அதில் அசையும் பாகம் எதுவும் கிடையாது. எனவே எங்கள் கருத்து இதுதான்: இரவிலும் மழைக்காலத்திலும் காற்று நன்றாக வீசும் இடத்தில், சோலாருக்குத் துணையாகத்தான் டர்பைன் வர வேண்டும். சோலாருக்குப் பதிலாக அல்ல.

இடம் தேர்வு

வீடுகளையும் மரங்களையும் மோதிவரும் காற்று சுழன்று கலங்கிவிடும். ஒரு தடையின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு உயரம் வரையிலும், காற்று போகும் பக்கம் இருபது மடங்கு தூரம் வரையிலும் இந்தக் கலக்கம் இருக்கும். 10 மீட்டர் மரம் ஒன்று தனக்குப் பின்னால் 200 மீட்டர் வரை காற்றைக் கெடுக்கும் என்று பொருள். கலங்கிய காற்றில் ஆற்றல் குறைவு. அதைவிட மோசம், டர்பைன் ஓயாமல் திசை மாறித் தலையாட்டிக்கொண்டே இருப்பதால் தாங்கிகளும் (பேரிங்) இறக்கையின் அடிப்பகுதியும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

நடைமுறை விதி: இறக்கையின் கீழ்நுனி, சுற்றிலும் 150 மீட்டர் தூரத்துக்குள் உள்ள எல்லாத் தடைகளையும்விட 10 மீட்டராவது உயரமாக இருக்க வேண்டும். சுற்றிலும் 10 மீட்டர் மரங்கள் இருந்தால் 10 + 10 + இறக்கை நீளம் ஒன்றரை, ஆக 21.5 மீட்டர் கம்பம். இந்த எண்ணைக் கேட்டதும் பலருக்கும் தயக்கம் வரும். கம்பத்தைப் பாதியாகக் குறைத்து, மிச்சமான பணத்தில் பெரிய டர்பைன் வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அந்த யோசனையை ஏற்காதீர்கள். மரம் வளரும் என்பதையும் கணக்கில் சேருங்கள். இருபது வருடம் கழித்து அது எவ்வளவு உயரம் இருக்கும் என்பதுதான் கேள்வி.

மொட்டை மாடியில் வைக்கலாமா என்பதற்கு ரிப்பன் சோதனை பதில் சொல்லும். 6 மீட்டர் குழாயில் மீட்டருக்கு ஒன்றாக அரை மீட்டர் நீள ரிப்பன்களைக் கட்டுங்கள். காற்று நன்றாக வீசும் நாளில் குழாயை மாடியின் நடுவில் நிறுத்திவிட்டு, தள்ளி நின்று பாருங்கள். கீழே உள்ள இரண்டு மூன்று ரிப்பன்கள் சுருண்டு படபடக்கும். சில சமயம் காற்று வரும் பக்கத்துக்கே திரும்பி ஆடும். கைப்பிடிச் சுவரில் மோதி எழும்பும் காற்று மாடித் தளத்தின் மேல் ஒரு குமிழ் போலச் சுழல்வதன் அடையாளம் அது. அதற்கு மேலே ரிப்பன் சாய்வாக மேல்நோக்கிப் பறக்கும். இன்னும் மேலே போனால்தான் தரைக்கு இணையாக, விறைப்பாக நீளும். எல்லா ரிப்பனும் ஆடிக்கொண்டே இருந்தால் அந்த மாடியில் எந்த டர்பைனுக்கும் வேலையில்லை. விறைப்பாக நீளும் உயரம் கிடைத்தால் அங்கே காற்றுவேகமானியை மாட்டுங்கள்.

அப்படியே உயரம் கிடைத்தாலும் கட்டடத்தோடு பிணைப்பதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று தள்ளுவிசை. விநாடிக்கு 10 மீட்டர் காற்றில் 3 மீட்டர் டர்பைன் கம்பத்தின் உச்சியில் ஏறக்குறைய 35 கிலோ அளவுக்குத் தள்ளும். கைப்பிடிச் சுவர் அதைத் தாங்கக் கட்டப்பட்டதல்ல. மற்றொன்று அதிர்வு. ஜெனரேட்டரின் ரீங்காரம் கம்பம் வழியாகச் சுவருக்குள் இறங்கி, கீழ்வீட்டுப் படுக்கையறையில் கேட்கும். ரப்பர் மெத்தை வைத்தால் குறையும், முழுக்கப் போகாது. பிரிட்டனில் கட்டடங்கள் மேல் பொருத்தப்பட்ட 26 டர்பைன்களை ஆராய்ந்த வாரிக் காற்றுச் சோதனையின் அறிக்கை 2009-இல் வந்தது. நிறுத்தி வைத்த நேரத்தையும் சேர்த்தால் அவை சராசரியாகத் தங்கள் திறனில் 0.85 சதவீதம்தான் உற்பத்தி செய்தன. நல்ல காற்று கிடைத்த உயர்ந்த கட்டடங்களிலோ, சத்தம் பற்றிய புகாரால் டர்பைன்களை நிறுத்த வேண்டியதாயிற்று.

செங்குத்து அச்சு டர்பைன் பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பார்கள். சவோனியஸ் வகை, டிரம்மைப் பிளந்து வைத்தது போன்றது, உறுதியானது. ஆனால் 15 முதல் 20 சதவீத ஆற்றலைத்தான் பிடிக்கும். வளைந்த இறக்கையுள்ள டேரியஸ் வகை அதைவிட நன்றாகப் பிடிக்கும்; ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை முன்னும் பின்னும் வளைக்கப்படுவதால் உலோகம் சோர்ந்து விரிசல் விடும். எந்தத் திசைக் காற்றிலும் சுழலும் என்பது உண்மை. கலங்கிய காற்றில் ஆற்றலைப் பெருக்கித் தராது என்பதும் உண்மை.

வரைபட மதிப்புகளைத் தொடக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குளோபல் விண்ட் அட்லஸ் இணையதளத்தில் 10, 50, 100 மீட்டர் உயரங்களில் காற்று வேகம் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் உங்கள் பக்கத்து வீட்டு மாடி அதற்குத் தெரியாது. அதில் 50 மீட்டர் உயரத்திலேயே 5 மீட்டருக்குக் கீழே காட்டினால் அளவெடுக்கும் செலவுகூட வேண்டாம். நேராகப் பசுமை வசதிகள் பகுதிக்குப் போய்விடுங்கள்.

கம்பம் நிறுத்துதல்

குடியிருப்புக்கு ஏற்றது சாய்த்து இறக்கக்கூடிய கம்பம். யாரும் மேலே ஏறத் தேவையில்லை. அடியில் கீல், நான்கு பக்கமும் கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகள், கம்பத்தோடு செங்கோணத்தில் நிற்கும் தூக்குக் குழாய், இழுக்க ஒரு கை வின்ச். அந்தக் கம்பிகளைத் தரையோடு பிணைக்கும் நங்கூரங்கள் கம்பத்தின் அடியிலிருந்து கம்ப உயரத்தில் பாதிக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும். அறுபது எழுபது சதவீதம் இருந்தால் இன்னும் நல்லது. 21 மீட்டர் கம்பத்துக்கு 13 மீட்டர் ஆரம். கம்பம் முழுதாக விழுந்தாலும் வீடு, நடைபாதை, வேலி எதையும் தொடாத இடமாகப் பாருங்கள். மொத்த உயரத்தைப்போல 1.1 முதல் 1.5 மடங்கு இடைவெளி விடுவது வழக்கம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. பக்கவாட்டு நங்கூரங்கள் இரண்டும் கீலின் அச்சோடு ஒரே நேர்கோட்டில், ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சரிவான தரையில் ஒரு நங்கூரம் மேடாக அமைந்துவிட்டால் கம்பம் எழும்போது அந்தப் பக்கக் கம்பி தளரும் அல்லது அளவுக்கு மீறி இறுகும். பாதி உயரத்தில் குழாய் வளைந்துபோவது பெரும்பாலும் இதனால்தான். குழி தோண்டும் முன்பே டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்து மூன்று புள்ளிகளையும் சரிபாருங்கள். டர்பைன் இல்லாமல் வெறும் கம்பத்தை ஒரு முறை தூக்கி இறக்கிப் பார்த்த பிறகே டர்பைனை மாட்டுங்கள். இதற்கெல்லாம் முன், குழிகளில் போட்ட கான்கிரீட் இறுக 28 நாள் கொடுங்கள்.

ஸ்டே கம்பியின் முனையில் யு கிளாம்ப் போடும்போது, சேணம் போன்ற தட்டைப் பகுதி சுமை தாங்கும் கம்பி மேலும், வளைந்த யு பகுதி வெட்டிய முனைக் கம்பி மேலும் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் யு வளைவு சுமைக் கம்பியை நசுக்கிவிடும். ஒரு முனைக்கு மூன்று கிளாம்ப். கம்பியை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளின் இரு கண்களுக்கும் நடுவே ஒரு துண்டுக் கம்பியைக் கோத்துக் கட்டுங்கள்; இல்லையென்றால் அதிர்விலேயே அது தானாகக் கழன்றுகொண்டு வரும்.

மின் இணைப்பு

சுழலும் டர்பைனை ஒருபோதும் சுமையில்லாமல் விடக்கூடாது. சுமைதான் அதற்குக் கடிவாளம். பேட்டரி நிறைந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் சாதாரண சோலார் கன்ட்ரோலரை டர்பைனுக்குப் போட்டால், துண்டித்த மறுகணம் டர்பைன் கட்டற்று ஓடும்; பலத்த காற்றில் இறக்கை பிய்ந்து பறக்கும். டர்பைனுக்கு வேண்டியது மிஞ்சிய மின்சாரத்தை டம்ப் லோடு எனப்படும் வெப்பச் சுருளுக்குத் திருப்பிவிடும் கன்ட்ரோலர். டர்பைனின் உச்சம் ஒன்றரைக் கிலோவாட் என்றால் டம்ப் லோடு 2 கிலோவாட் இருக்கட்டும். 48 வோல்ட் அமைப்பில் நிறைந்த பேட்டரி 57 வோல்ட் அளவில் நிற்கும்போது அதற்கு 1.6 ஓம் மின்தடை தேவை. சுருளைக் காற்றோட்டமான இடத்தில், மரம், பிளாஸ்டிக் எதுவும் பக்கத்தில் இல்லாமல் மாட்டுங்கள்.

மின்வாரிய இணைப்போடு சேர்க்கும் அமைப்பிலும் டம்ப் லோடு வேண்டும். ஊர் மின்சாரம் போனதும், லைனில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். அந்த நொடியில் டர்பைன் சுமையிழக்கிறது. மின்சாரம் போவது பெரும்பாலும் புயல்காற்று அடிக்கும் நேரத்தில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இணைக்கும் வரிசை: முதலில் பேட்டரி, அடுத்து டம்ப் லோடு, கடைசியில் டர்பைன். கழற்றும்போது தலைகீழாக. டர்பைனைக் கழற்றும் முன், அதிலிருந்து வரும் மூன்று ஃபேஸ் கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைக்கும் பிரேக் சுவிட்சைப் போட்டு நிறுத்த வேண்டும். இதைக் காற்று தணிந்திருக்கும்போது செய்யுங்கள். முழு வேகத்தில் ஓடும்போது பிரேக் போட்டால் டர்பைன் நிற்காமல் ஜெனரேட்டரின் கம்பிச்சுருள் (காயில்) எரிந்துபோக வாய்ப்புண்டு.

கேபிளில் சிக்கனம் பார்க்காதீர்கள். 40 மீட்டர் தூரம், போக வர 80 மீட்டர், 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. மின்தடை சுமார் 0.09 ஓம். 1,000 வாட்டை 24 வோல்ட்டில் அனுப்பினால் 42 ஆம்பியர் ஓடி 150 வாட்டுக்கு மேல் கம்பியிலேயே சூடாகப் போய்விடும். 48 வோல்ட்டில் அனுப்பினால் இழப்பு 40 வாட்டுக்குள் அடங்கும். 12 வோல்ட் டர்பைன் குடியிருப்புக்கு உதவாது.

கம்பத்தின் அடியிலும் ஒவ்வொரு நங்கூரத்திலும் எர்த் கம்பி இறக்கி, எல்லாவற்றையும் கட்டடத்தின் எர்த்திங்கோடு சேருங்கள். மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் கம்பத்தின் அடியில் ஒன்று, கன்ட்ரோலருக்கு முன் ஒன்று.

மின்சாரத்தை எங்கே செலவிடுவது

குடியிருப்பின் பெரிய பேட்டரி மொட்டை மாடியிலேயே இருக்கிறது: தண்ணீர்த் தொட்டி. காற்று வீசும் நேரத்தில் மோட்டார் ஓடினால் போதும். எந்த நேரம் என்பது தொட்டிக்கு முக்கியமில்லை. நூறு வீடுகள், வீட்டுக்கு 500 லிட்டர், 30 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50,000 லிட்டரைத் தூக்க இயற்பியல்படி 4.1 யூனிட் போதும். பழைய மோட்டார் பம்ப் 40 சதவீதத் திறனில் ஓடினால் 10 யூனிட் இழுக்கும். 60 சதவீதத் திறனுள்ள பம்ப் 7 யூனிட்டுக்குள் முடித்துவிடும். ஒரு நாளில் மிச்சம் 3.4 யூனிட், வருடத்துக்கு 1,200-க்கு மேல். முன்னே சொன்ன 3 மீட்டர் டர்பைன், நல்ல காற்றிலேயே தருவதில் பாதிக்கு மேல் இது. அதனால் பம்ப்பை மாற்றிவிட்டு டர்பைனைப் பற்றிப் பேசுங்கள். வளாக விளக்குகளும் அப்படித்தான்: 20 வாட் எல்இடி நாற்பது, இரவு 11 மணி நேரம் எரிந்தால் 8.8 யூனிட். நள்ளிரவுக்குப் பின் ஐந்து மணி நேரம் பாதி வெளிச்சத்தில் வைத்தால் 2 யூனிட் குறையும்.

காற்றோடு சேரும் பசுமை வசதிகள்

டர்பைனுக்குப் போதாத காற்று வீட்டைக் குளிர்விக்கத் தாராளமாகப் போதும். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள அறையில், கூரை உயரத்தைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் காற்று எட்டும். எதிரெதிரே திறப்பு இருந்தால் ஐந்து மடங்கு வரை போகும். காற்று நுழையும் திறப்பு தாழ்வாகவும், வெளியேறும் திறப்பு உயரமாகவும் சற்றுப் பெரிதாகவும் இருக்கட்டும். ஈரானின் யஸ்த் நகரக் காற்றுக் கோபுரங்கள் உயரத்தில் வீசும் காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்குகின்றன. 2002-இல் கட்டி முடிக்கப்பட்ட லண்டனின் பெட்செட் குடியிருப்பில், கூரை மேல் காற்றுக்கேற்பத் திரும்பும் வண்ணக் கூம்புகள் நூறு வீடுகளுக்கு மின்விசிறி இல்லாமலே புதுக்காற்றைக் கொண்டுவந்தன.

மழைநீர்க் கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரை, 10 மில்லிமீட்டர் மழை, 80 சதவீதம் வந்துசேரும் என்றால் 800 லிட்டர். முதலில் வரும் 100 லிட்டரைத் திருப்பிவிட ஒரு தனிக் குழாய் வையுங்கள். தூசியும் பறவை எச்சமும் அதில்தான் வரும்.

மாடிப் பசுமைக்கூரை போடுவதானால் 8 முதல் 15 சென்டிமீட்டர் மண் அடுக்கே நனைந்த நிலையில் சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோவோ அதற்கு மேலோ எடை இருக்கும். கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதல் முதலில். நீர்க்காப்புப் பூச்சு, வேர்த்தடுப்பு விரிப்பு, வடிகால் அடுக்கு, வடிகட்டும் துணி, பிறகு மண். நீர்க்காப்பு முடிந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழே கசிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த அடுக்கு. மண் போட்ட பின் கசிவைத் தேடுவது பெரும்பாடு.

மரம் நடுபவர்களும் டர்பைன் குழுவும் ஒரே வரைபடத்தில் வேலை செய்ய வேண்டும். காற்று வரும் பக்கத்தில் டர்பைன் இருக்கும் இடத்துக்குப் புதர்களும் குட்டை மரங்களும்; உயரமான நிழல்மரங்கள் காற்று போகும் பக்கத்துக்கு.

பராமரிப்பு

கம்பம் நிறுத்திய முதல் இரண்டு வாரத்தில் ஸ்டே கம்பிகள் தளரும், இறுக்குங்கள். ஒரு மாதத்தில் எல்லா போல்ட்டையும் டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) வைத்துப் பாருங்கள். நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டு வைத்தால், கோடு விலகியிருப்பதைக் கண்டே தளர்வு தெரிந்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை கம்பத்தை இறக்கி, இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டிய டேப், தாங்கி, டர்பைனைக் காற்றின் திசைக்குத் திருப்பும் வாலின் கீல் மூன்றையும் சோதியுங்கள். ஒரு இறக்கை உடைந்தால் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். எடை சமமில்லாத இறக்கைகள் கம்பத்தையே உலுக்கும்.

பிரேக் போடாமலே டர்பைன் கனமாக, முனகலோடு சுற்றுகிறதா? டர்பைனின் ஏசி மின்சாரத்தை டிசி ஆக்கும் ரெக்டிஃபயரில் ஒரு டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். மெதுவாகச் சுழலும்போது, ரெக்டிஃபயரிலிருந்து பிரித்த மூன்று ஃபேஸ்களுக்கும் இடையே இரண்டிரண்டாக வோல்ட்டை அளந்து பாருங்கள். மூன்று அளவும் சமமாக இருந்தால் பழுது ரெக்டிஃபயரில், இல்லையென்றால் கேபிளில் அல்லது காயிலில். சுழல்வளையம் (டர்பைன் திரும்பினாலும் கம்பி முறுக்காமல் மின்சாரத்தைக் கடத்தும் பாகம்) இல்லாத டர்பைனில் கம்பத்துக்குள் தொங்கும் கேபிள் மெல்ல முறுக்கேறும். சில மாதத்துக்கு ஒரு முறை, டர்பைன் நின்றிருக்கும்போது, அடியில் உள்ள இணைப்பைப் பிரித்து முறுக்கை விடுவிக்க வேண்டும்.

பிரேக் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று குறைந்தது மூன்று வீட்டாருக்குத் தெரிந்திருக்கட்டும். சத்தம் பற்றிப் புகார் வந்தால் எந்த மணிக்கு, எந்தத் திசைக் காற்றில் என்று குறித்து வையுங்கள். பெரும்பாலும் ஒரே திசையில்தான் வரும், அந்த நேரம் மட்டும் நிறுத்தினால் போதும். தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும் என்பதால், இதற்கான நல்ல தீர்வு இடம் பார்க்கும்போதே கிடைத்திருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால், காற்று எழும்புவதற்கு ஒரு நாள் முன்பே பிரேக் போட்டு, கம்பத்தைச் சாய்த்து, இறக்கைகளைக் கயிற்றால் கட்டி வையுங்கள். நான்கு பேர் இருந்தால் அரை நாளில் முடியும் வேலை. வருடாந்திரச் சோதனையின்போதே அந்த நால்வரும் ஒரு முறை செய்து பழகியிருக்க வேண்டும்.